இப்னு பதூதா தொலைத்ததும் திரும்பக் கிடைத்ததும்

சண்டிலிப்பாயில் ஒரு மாஸ்டர் இருக்கிறார். ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். என் வாப்பாவின் பழைய கூட்டாளி. யாழ்ப்பாணம் போகும்போதெல்லாம் சோனகத் தெருவில் ஜும்ஆவை முடித்துக்கொண்டு, மானிப்பாய் வழியாக அவர் வீட்டுக்கு ஒருதரம் போய்வருவது என் வழமை. போன முறை போனபோது அவர் தன் பேரனின் கதையைச் சொன்னார். கனடாவில் படிக்கிற பொடியன். முதுகில் ஒரு பையைக் கொழுவிக்கொண்டு சீனாவைச் சுற்றிப் பார்க்கப் போனவன், இரவு ரயிலில் கைப்பையை மறந்துவிட்டு இறங்கிவிட்டான். கடவுச்சீட்டு, காசு, கமரா எல்லாம் அதற்குள்.

"மூண்டாம் நாள் எல்லாம் அப்பிடியே கிடைச்சிட்டுதாம் தம்பி. ஒரு தாளிலை ஒவ்வொரு சாமானா எழுதி வைச்சு, சரியோ எண்டு பாத்துக் கையெழுத்துப் போடச் சொன்னவங்களாம். எனக்கெண்டா நம்பேலாமல் கிடக்கு."

"எந்த ஊரிலை மாஸ்டர்?"

"சுவான்சோ எண்டு என்னவோ சொன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுவான்சோ என்பது அரபுகள் சைத்தூன் என்று அழைத்த துறைமுகம். 1345 அளவில் அங்கே போய் இறங்கிய ஒரு பயணி, மாஸ்டரின் பேரன் சொன்னதையே ஏறக்குறையச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். சீனத்தில் வழிப்போக்கனின் பொருள் தொலையாது, தொலைந்தாலும் ஈடுசெய்ய ஒருவர் பொறுப்பாக இருப்பார் என்பது அவர் கூற்று. மொரோக்கோவின் தன்ஜா நகரில் 1304இல் பிறந்த இப்னு பதூதாதான் அந்தப் பயணி.

இப்னு பதூதாவைப் பற்றி நம் சஞ்சிகைகளில் எழுதாதவர் இல்லை. பாவா ஆதம் மலைக்கு ஏறியது, புத்தளத்தில் கறுவாவைக் கண்டது, மாலைதீவில் காழியாக இருந்தது எல்லாம் பலமுறை வந்துவிட்டன. நான் இங்கே பார்க்க விரும்புவது அவருடைய கணக்கு வழக்கை. எதைத் தொலைத்தார், யார் எடுத்தார்கள், எது திரும்பி வந்தது, யார் கையால் வந்தது என்பதை. சீனம் நோக்கிய அவர் பயணம் முழுவதும் இழப்புகளின் வரிசைதான். ஒரு நாட்டின் பாதுகாப்பைப் பற்றி அவர் பேசினால் காது கொடுத்துக் கேட்கவேண்டும், அத்தனை முறை பறிகொடுத்த மனுசன் அவர்.

தில்லியில் சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் கீழ் காழியாக இருந்தவரை, 1341-42 அளவில் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார் சுல்தான். சீனத்து மன்னரிடமிருந்து வந்த அன்பளிப்புக்கு எதிர் அன்பளிப்பு. நூறு உயர்சாதிக் குதிரைகள், நூறு அடிமைகள், நூறு ஆடல்பாடல் பெண்கள், பட்டுகள், பொன் வெள்ளிப் பாத்திரங்கள். தில்லியைவிட்டு வெகுதூரம் போகுமுன்பே கோயில் என்ற ஊருக்கு (இன்றைய அலிகார்) அருகில் கொள்ளையர் கையில் அகப்பட்டார். உடுப்பைக்கூட உருவிவிட்டார்கள். ஒரு வாரமளவில் காட்டிலும் பாழ்கிணற்றிலும் ஒளிந்து அலைந்து, நடக்கமாட்டாமல் விழுந்தவரைத் தோளில் தூக்கிவந்து ஒரு கிராமத்தில் விட்டவர் ஒரு முஸ்லிம். இது முதல் பாடம். அவர் படிக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும், தொடர்ந்து போனார்.

பெரிய இழப்பு கள்ளிக்கோட்டையில். அப்போது அந்தத் துறைமுகத்தில் 13 சீனக் கப்பல்கள் நின்றன. பருவக்காற்றுக்காக மூன்று மாதம் காத்திருந்தார்கள். சுல்தானின் அன்பளிப்புகளைப் பெரிய ஜங்குக் கப்பலில் ஏற்றினார்கள். தனக்கென ஓர் அறை கேட்டார் இப்னு பதூதா. நல்ல அறைகளையெல்லாம் சீன வர்த்தகர்கள் முன்னதாகவே பிடித்துவிட்டார்கள், கிடைத்த அறையில் கழிப்பிடம் இல்லை. ஆகவே தன் சாமான்களையும் ஆட்களையும் பக்கத்தில் நின்ற சிறிய கப்பலுக்கு மாற்றினார். இவர் மட்டும் ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் நின்றுவிட்டார். அன்றிரவு கடல் கொந்தளித்தது. அன்பளிப்புகள் ஏறிய பெரிய கப்பல் உடைந்து நொறுங்கியது. உடன் வந்த அதிகாரிகளின் சடலங்கள் கரையில் ஒதுங்க, இவரே ஜனாஸாத் தொழுகை நடத்தினார். பெரிய கப்பலுக்கு நேர்ந்ததைக் கண்ட சிறிய கப்பல்காரர்கள் பாயை விரித்து ஓடிவிட்டார்கள், இவருடைய பொருளெல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு. கூட நின்ற ஒரே ஆளும், உரிமைவிட்ட பழைய அடிமை, நிலைமையைப் பார்த்து நழுவிவிட்டான். மிச்சம் பத்துப் பொற்காசும் விரித்துப் படுத்த ஒரு விரிப்பும்.

இந்த இடத்தில் அவர் போகிறபோக்கில் ஒரு செய்தி சொல்கிறார். இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே அதுதான். கப்பல் உடைந்த மறுநாள் கள்ளிக்கோட்டை அரசர் சாமூதிரி வெறுங்காலோடு கடற்கரைக்கு வந்து நின்றார். அலை கரைசேர்த்த பொருளைச் சனங்கள் அள்ளிப்போகாதபடி அவருடைய காவலர் அடித்து விரட்டிக்கொண்டிருந்தார்கள். மலபாரின் மற்றெல்லா ஊரிலும் உடைந்த கப்பலின் சரக்கு அரசனின் கருவூலத்துக்கே சொந்தம். கள்ளிக்கோட்டையில் மாத்திரம் அது உரியவனுக்கே போகும். அதனால்தான் அந்த ஊர் செழித்தது, கப்பல்கள் அங்கே குவிந்தன என்கிறார் இப்னு பதூதா. எல்லாம் இழந்து நிற்கிற நேரத்திலும் காழியின் கண் சட்டத்தைப் பார்த்திருக்கிறது.

"உடைஞ்ச கப்பல் ஆருக்குச் சொந்தம் எண்ட கேள்விக்கு எங்கடை ஊரிலையே கல்வெட்டு இருக்கெல்லே" என்றார் மாஸ்டர். இருக்கிறது. சண்டிலிப்பாயிலிருந்து சங்கானை கடந்து காரைநகருக்குப் போய், அங்கிருந்து கடலைத் தாண்டினால் ஊர்காவற்றுறை. பழைய பெயர் ஊராத்துறை. அதற்கும் அப்பால் நயினாதீவு. அங்கே நாகபூஷணி அம்மன் கோவிலில் உள்ள கல்வெட்டு 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை. சிங்கள மன்னர் தமிழில் வெட்டுவித்தது. கா. இந்திரபாலா 1963இல் அதைப் படித்து வெளியிட்டார். பரதேசிகள், அதாவது வெளிநாட்டு வணிகர், ஊராத்துறையில் வந்து இறங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது ஆணை. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு. மன்னனுக்கு யானையும் குதிரையும் எவ்வளவு தேவைப்பட்டன என்பது அந்தக் கால் பங்கிலேயே தெரிகிறது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளியில் காகதிய கணபதிதேவன் 1244இல் வெட்டுவித்த அபய சாசனமும் இதே வழிதான்: முந்திய அரசர்கள் கரையொதுங்கிய கப்பல்களைப் பிடுங்கினார்கள், நாம் விதித்த சுங்கம் தவிர வேறெதையும் தொடமாட்டோம் என்று அது உறுதி கொடுக்கிறது.

எங்கள் கடலில் போய்வந்த அந்தப் பரதேசிகளில் அரபு, பாரசீக முஸ்லிம்கள் எத்தனையோ பேர். சீனத்துச் சரக்கும் இந்த வழியால்தான் போனது. சோங் வம்சக் காலத்துச் சீனப் பீங்கான்கள் அல்லைப்பிட்டியில் கண்டெடுக்கப்பட்டிருக்கின்றன. கல்வெட்டின் வரிகளைப் படிக்கும்போது, கடலில் முதலைத் தொலைத்துவிட்டு ஊராத்துறைக் கரையில் ஈர உடுப்போடு குந்தியிருந்த ஏதோவொரு வணிகனின் முகம் எனக்குத் தெரிகிறது. பாதியாவது திரும்பும் என்ற நினைப்பு அவனுக்கு எவ்வளவு பெரிய தைரியம்!

இப்னு பதூதாவுக்குத் திரும்பவில்லை. தப்பியோடிய கப்பல் கொல்லத்தில் நிற்கும் என்று அங்கே ஓடினார். நிற்கவில்லை. ஆனால் தன்னோடு புறப்பட்ட சீனத் தூதர்களை அங்கே கண்டார். அவர்களுடைய கப்பலும் உடைந்திருந்தது. கொல்லத்திலிருந்த சீன வர்த்தகர்கள் அவர்களுக்கு உடுப்புக் கொடுத்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். இவரோ தூதுப்பொருளைத் தொலைத்த தூதர். தில்லிக்குத் திரும்பினால் ஏன் அன்பளிப்பைவிட்டுப் பிரிந்தாய் என்று சுல்தான் கேட்பார். அந்தச் சுல்தானின் கேள்விக்கு விடை தலைதான். பல மாதம் கழித்துத் தப்பிவந்த இரண்டு அடிமைகள் மூலம் செய்தி கிடைத்தது. பொருளைச் சுமாத்திராப் பக்கத்து அரசன் பறித்துக்கொண்டான், கூட்டாளிகள் சீனம், சுமாத்திரா, வங்காளம் என்று சிதறிப்போனார்கள், அவருடைய பிள்ளையைச் சுமந்திருந்த அடிமைப்பெண் மௌத்தாகிவிட்டாள். தொலைந்த சரக்குகளின் பட்டியலில் ஒன்றாக அவளும் வந்துபோகிறாள். அந்தக் காலத்து வழக்கம் என்று சொல்லிக் கடந்துபோகலாம்தான், எனக்கு அந்த வரியில் நின்றுவிடத் தோன்றுகிறது.

அடுத்தது நம் கரை. 1344இல் மாலைதீவிலிருந்து வந்த கப்பல் திசைமாறி இலங்கையின் வடமேற்குக் கரைக்கு ஒதுங்கியது. கப்பலோட்டி துறைக்குள் போகப் பயந்தான். இது ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சி, அவருடைய கப்பல்கள் கடலில் கொள்ளையடிக்கும் என்றான். யாழ்ப்பாண மன்னரைப் பற்றி வெளியார் வாயில் இப்படியொரு வார்த்தை வந்தது நமக்குக் கொஞ்சம் கசப்புத்தான். ஆனால் பத்தாலா என்று அவர் எழுதுகிற புத்தளத்தில் அந்த மன்னர் அவரை உபசரித்த விதம் வேறு. மன்னருக்குப் பாரசீகம் விளங்கியது. முத்துக்குளிப்பிலிருந்து கொண்டுவந்த முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தபோது, இப்படிப்பட்டவற்றை வேறெங்கும் கண்டதுண்டா என்று கேட்டார். இல்லை, கண்டவையெல்லாம் இதற்குக் கீழ்தான் என்றார் விருந்தாளி. மன்னர் மகிழ்ந்து அவற்றை அவருக்கே கொடுத்துவிட்டார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் பாதச்சுவட்டைக் காணவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். பல்லக்கும் வழித்துணையும் கிடைத்தன.

கொள்ளைக்காரர் என்று பெயர்பெற்றவர் கொடுத்த அந்த முத்தும் மாணிக்கமும் எங்கே போயின? மதுரைச் சுல்தானின் நாட்டுக்குப் போய், கொள்ளைநோயையும் காய்ச்சலையும் கண்டு, கொல்லத்தில் மூன்று மாதம் தங்கி, ஹொன்னாவர் நோக்கிக் கப்பலேறினார். வழியில் ஒரு சிறு தீவருகே 12 கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. ஆபத்துக்கென்று சேர்த்துவைத்தது, இலங்கை மன்னர் தந்த நகைக்கற்கள், உடுப்புகள், இறைநேசர்கள் கொடுத்த பொருள்கள் யாவும் போயின. காற்சட்டையோடு மட்டும் கரையில் இறக்கிவிட்டார்கள். கள்ளிக்கோட்டைக்கு நடந்து ஒரு பள்ளிவாசலுக்குள் போய் ஒதுங்கினார். ஒரு மார்க்க அறிஞர் அங்கி அனுப்பினார், காழி தலைப்பாகை அனுப்பினார், ஒரு வர்த்தகர் இன்னோர் அங்கி அனுப்பினார்.

அந்தக் கொள்ளையில் போன வேறொன்றைப் பற்றி நூலின் வேறொரு மூலையில்தான் சொல்கிறார். புகாராவில் அறிஞர்களின் கபுறுகளைச் சுற்றிப் பார்த்தபோது, ஒவ்வொருவரின் பெயரும் அவர் எழுதிய நூல்களும் மீஸான் கற்களில் பொறித்திருப்பதைக் கண்டு நிறையப் பிரதி எடுத்துவைத்தாராம். கடலில் கொள்ளைபோனவற்றோடு அதுவும் போய்விட்டது. ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். முத்தையும் மாணிக்கத்தையும்விட இந்த இழப்புத்தான் என்னை உறுத்துகிறது. முத்துக்கு மன்னார்க் கடல் இருக்கிறது, அந்தக் கற்களில் எத்தனை இன்று எஞ்சியிருக்கும்?

இப்படிப்பட்டவர்தான் சைத்தூனில் போய் இறங்கினார். வெறுங்கையரை அங்கே முதலில் அடையாளம் கண்டவர் யார் தெரியுமா? தில்லிக்கு அன்பளிப்போடு வந்து, இவரோடு புறப்பட்டு, கப்பல் உடைந்து, கொல்லத்தில் சீன வர்த்தகர் உடுப்புக் கொடுத்து அனுப்பினார்களே, அந்தத் தூதர். வந்திறங்கிய அன்றே கண்டு ஸலாம் சொல்லி, அதிகாரிகளுக்கு அறிமுகம் செய்து, நல்ல வீடொன்றில் இருத்தினார். காழி தாஜுத்தீன் அர்தபீலி வந்தார். வர்த்தகர் ஷரஃபுத்தீன் தப்ரீஸி வந்தார். இவர் இந்தியாவுக்கு வந்த புதிதில் கடன் வாங்கியவர்களில் அந்தத் தப்ரீஸியும் ஒருவர், குர்ஆனை மனனம் செய்தவர், கடன் விஷயத்தில் மிக நேர்மையாக நடந்தவர் என்று நன்றியோடு எழுதுகிறார். இஸ்லாமிய நாட்டிலிருந்து ஒருவர் வந்தால் அங்குள்ள முஸ்லிம் வணிகர்கள் தங்கள் ஸகாத்தை அவருக்குக் கொடுத்து, தங்களைப்போலவே செல்வராக்கிவிடுவார்களாம்.

அவர் சொல்லும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். வெளியூர் முஸ்லிம் வணிகன் வந்தால், அங்கே குடியிருக்கிற ஒரு முஸ்லிம் வர்த்தகர் வீட்டில் தங்கலாம், அல்லது விடுதியில் தங்கலாம். வர்த்தகர் வீடென்றால் அவனுடைய பொருளைக் கணக்கெடுத்து அவர் பொறுப்பில் விடுவார்கள். செலவை அவர் நேர்மையாக அதிலிருந்து செய்வார். புறப்படும்போது திரும்பக் கணக்கெடுப்பு. குறைந்திருந்தால் வைத்திருந்தவர் ஈடுகட்டவேண்டும். விடுதியிலும் பொறுப்பாளரிடம் ஒப்படைப்புத்தான். ஊதாரித்தனமாகச் செலவழிக்கவும் விடமாட்டார்கள். முஸ்லிம் நாடுகளில் போய், எங்கள் ஊரில் காசைத் தொலைத்ததாகச் சொல்லக்கூடாதாம். வழிப்பயணத்துக்கும் அதுபோல. ஒவ்வொரு தங்குமிடத்திலும் ஓர் அதிகாரியும் காவலர்களும். பொழுதுபட்டதும் எழுத்தரோடு வந்து தங்கியவர் பெயரையெல்லாம் பதிந்து கதவைப் பூட்டுவார். விடிந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, விவரத்தை எழுதி, அடுத்த இடம்வரை ஆளனுப்பி, எல்லாரும் வந்துசேர்ந்தார்கள் என்று அங்குள்ள அதிகாரியிடம் சான்று வாங்குவார். வாங்காவிட்டால் பொறுப்பு இவர் தலையில். பெருந்தொகைப் பணத்தோடு ஒரு மனிதன் தனியாக ஒன்பது மாதம் பயணிக்கலாம், பயமில்லை என்று முடிக்கிறார்.

எல்லாம் இனிப்பு என்று எண்ணவேண்டாம். சரக்கில் ஒன்றைப் பதியாமல் ஒளித்தது பிடிபட்டால் கப்பல் முழுவதையும் கருவூலத்துக்கு எடுத்துவிடுவார்கள் என்று அதே வாயால் குறைப்படுகிறார். வெளியூரார் முகத்தை அவர்கள் அறியாமலே வரைந்து வைத்திருப்பார்கள். குற்றம் செய்து ஓடினால் அந்தப் படம் ஊரூராகப் போகும். பாதுகாப்பும் கண்காணிப்பும் ஒரே கொப்பியின் இரண்டு பக்கம். மாஸ்டரின் பேரனுடைய பை கிடைத்ததற்கும் ரயில் நிலையக் கமராக்களுக்கும் சம்பந்தம் இல்லாமலா இருக்கும்?

அவர் சீனம் போனதே பொய் என்பாரும் உண்டு. பேய்ஜிங்கில் மாமன்னர் கொல்லப்பட்டு அடக்கமானதைக் கண்டதாக அவர் எழுதியது பிழை என்பது உறுதி. அன்றைய மன்னர் தோகோன் தெமூர் 1370வரை உயிரோடிருந்தார். வடக்கே அவ்வளவு தூரம் போயிருக்கமாட்டார் என்றே நானும் நினைக்கிறேன். சைத்தூனைப் பற்றிய பகுதி வேறு விதம். அந்த நகரின் முஸ்லிம் வாழ்வுக்கு அங்கு கிடைத்த அரபு மீஸான் கற்களும், ஹிஜ்ரி 400இல் எழுந்து 710இல் திருத்தப்பட்டதாகத் தன் கல்வெட்டிலேயே கூறும் பள்ளிவாசலும் சாட்சி. 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்றும் அங்கேதான் கிடைத்தது. தமிழ் வணிகர் எழுப்பிய சிவன் கோவிலுடையது. அப்படியான ஊரும் நிலைக்கவில்லை. 1357இல் அங்கே பாரசீகப் படையினரின் கலகம் மூண்டு 1366வரை நீண்டது, அடங்கியபோது வெளிநாட்டார் பலர் கொன்றொழிக்கப்பட்டார்கள். பெயர் பதிந்து கதவு பூட்டிக் காத்த ஊருக்கு நேர்ந்த கதி அது. கலகம் மூண்டபோது இப்னு பதூதா வந்துபோய்ப் பதினைந்து வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

ஊர் திரும்பியவர் ஃபெஸ் நகரில் சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி தன் பயணத்தைச் சொல்ல, கிரானடாக்காரரான இப்னு ஜுஸை எழுதினார். ஹிஜ்ரி 756இல், அதாவது 1355 டிசம்பரில், நூல் முடிந்தது. கைக்குறிப்புகள் கடலோடு போனபின், இருபத்தொன்பது வருடப் பயணம் பெரும்பாலும் ஞாபகத்திலிருந்தே திரும்பவும் கட்டப்பட்டது. பிழைகள் வந்ததில் வியப்பென்ன?

இதையெல்லாம் மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஃபிக்ஹில் "லுகதா" என்றொரு பாடம் இருப்பதையும் சொன்னேன். கண்டெடுத்த பொருளின் பையையும் அதன் கட்டுக்கயிற்றையும் அடையாளம் பார்த்துவைத்து, ஓராண்டு அறிவிக்கவேண்டும் என்பது நபியவர்கள் (ஸல்) காட்டிய முறை. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். என்னத்தை எடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரியும்.

என் வாப்பா சோனகத் தெருவில் தையற்கடை வைத்திருந்தார். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் எங்களை வெளியேறச் சொன்னார்கள். உம்மாவின் நகை வழியில் போனது. யார் பறித்தார்கள் என்பதை இங்கே எழுத வரவில்லை. அன்று காலை, தைக்கக் கொடுத்த சேட்டை எடுக்க மாஸ்டர் சைக்கிளில் வந்திருந்தார். வாப்பா அவர் கையில் அளவுக் கொப்பியைக் கொடுத்து, கடைக்குள் கிடந்த துணிகளைச் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டார். "கொப்பியப் பாத்து உரியவங்களுக்குக் குடுத்துருங்க மாஸ்டர், அமானிதம்" என்று சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். பிறகு நாங்கள் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். இப்னு பதூதா முத்து வாங்கிய அதே பத்தாலா.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30இல், வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது மாஸ்டரும் சண்டிலிப்பாயைவிட்டு நாவற்குழிப் பாலத்தால் சனக்கடலோடு நடந்தார். அவருடைய புத்தகங்கள் வீட்டோடு போயின. கொப்பியும் மிச்சத் துணியும் கூடப்போய்க் கூடவே திரும்பின. ஏ9 பாதை திறந்த 2002இல் நான் வந்தபோது கொப்பியை என்னிடம் தந்தார். வாப்பா அதற்குள் மௌத்தாகிவிட்டார். பதினைந்து பெயரில் பதினாலுக்கு எதிரே திகதியும் கையெழுத்தும் இருந்தன. எண்ணிப் பார்க்கச் சொல்லி நின்றார், நான் எண்ணினேன்.

உள்ளே போனவர் மடித்த ஒரு துண்டுத் துணியோடு வந்தார். ஊதாப் பூப்போட்ட சட்டைத் துணி. மடிப்புகளில் நிறம் மங்கியிருந்தது.

"ஓராண்டு எண்டு சொன்னியள். இது முப்பது வருசம் தாண்டிப்போச்சு தம்பி. இனி என்ன செய்யிறது?"

இது கண்டெடுத்த பொருளில்லை, ஒப்படைத்த பொருள், அதற்கு வேறு பாடம் என்றேன். அவர் தலையாட்டினார். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் வாப்பா ஊரையும் எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. அராலி.

"அப்ப அடுத்த முறை வரேக்கை கொப்பியையும் கொண்டு வாங்கோ. ஒருக்கால் அராலிப் பக்கம் போய் விசாரிச்சுப் பாப்பம்" என்றார்.